சித்தூர், திருப்பதி வாசகருக்கு டிஸ்டோபியா நாவல்கள்

அரசோ தொழில்நுட்பமோ மனித வாழ்வை முழுவதுமாகத் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிட்ட ஒரு சமூகத்தைக் கற்பனையில் படைத்து, அதன் வழியே நிகழ்காலத் தீமைகளை அடையாளம் காட்டும் புனைகதை டிஸ்டோபியா எனப்படுகிறது. இவ்வகையை ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலிலிருந்து தொடங்குவோர், அதன் சித்திரவதைக் காட்சிகளின் கடுமையைக் கண்டு, இது எங்கோ தொலைவில் நடப்பது என்று ஒதுங்கிவிடுவது உண்டு. ஆதலால் பழகிய மண்ணிலிருந்து தொடங்குவதே பயன் தரும் என்பது வாசிப்பு அனுபவம் உணர்த்தும் முதற்பாடம்.

மானாவாரி நிலத்தையும் ஆடு வளர்ப்பையும் அறிந்த சித்தூர்ப் பகுதி வாசகருக்குப் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ (2016) மிகவும் பொருந்தும். ஆட்டுக்குட்டிக்கும் காது குத்திப் பதிவு செய்ய மக்கள் வரிசையில் நிற்கும் ஆட்சியை அது காட்டுகிறது. தெலுங்கு வழியில் பயின்று தமிழை வீட்டில் கற்ற திருப்பதி மாணவருக்கும் அதன் எளிய நடை தடையாக இராது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி தேவைப்படும் காலத்தைச் சொல்லும் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை அடுத்து வாசிக்கலாம்.

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932) நின்று நிதானித்து வாசிக்கத்தக்கது. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் நண்பரான ஹக்ஸ்லி, அவருடைய ‘த ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட் ஃப்ரீடம்’ (1954) நூலுக்கு முன்னுரை எழுதி, மனிதர் தாமே படைத்த குறியீடுகளை உண்மையென நம்பி அவற்றுக்கு அடிமையாவதன் ஆபத்தை அதில் எடுத்துக்காட்டினார். நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில், உறங்கும் குழந்தைகளின் காதில் ஒரே வாசகங்களை இடைவிடாது ஓதி, அவரவர் சமூக வகுப்பில் அவரவர் மகிழ்ந்திருக்கும்படி பழக்குகின்றனர். வெளியிலிருந்து திணிக்கப்பட்டதைத் தம் சொந்த எண்ணமென்றே மனம் நம்பும்படி செய்யும் இம்முறை மனப் பழக்கமேற்றல் எனப்படும். மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷி வேலி பள்ளியை நிறுவிய கிருஷ்ணமூர்த்தி, கல்வி பற்றிய தம் 1953ஆம் ஆண்டு நூலில் மறுத்ததும் இதனையே. எனவே ஹக்ஸ்லியின் நாவலையும் இந்தக் கல்வி நூலையும் அடுத்தடுத்து வாசிப்போருக்கு, ஹக்ஸ்லியின் கற்பனை தம் பிள்ளைகளின் வகுப்பறையைப் பற்றிய கேள்வியாகவே மாறிவிடும். ஆசிரியர்கள் அவசியம் வாசிக்க வேண்டிய இணை இது.

இவற்றுக்குப் பிறகு வாசிக்கும்போது, பிஹாரின் மோதிஹாரியில் பிறந்த ஆர்வெல்லின் ‘1984’ (1949) அந்நியமாகத் தோன்றாது. கதையில் வரும் சர்வாதிகார ஆட்சி உருவாக்கும் ‘புதுமொழி’ பற்றி, கதை முடிந்தபின் வரும் பின்னிணைப்பைத் தவிர்த்துவிடலாகாது. அந்த ஆட்சியையும் அதன் மொழியையும் முடிந்துபோனவை போல இறந்தகாலத்தில் அது விவரிப்பதால், கதையின் முடிவை வேறொரு வெளிச்சத்தில் காண அதுவே இடம் தருகிறது.