பழைய வீட்டுக்குப் பொருந்தும் அடுப்படியும் குளியலறையும்

காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளைச் செப்பனிட்டுத் தருவது என் தொழில். இங்குள்ள வீடுகளில் முகப்பும், வளவு என்னும் நடுமுற்றக் கட்டும், பட்டாலை என்னும் கூடமும் நூறு வருடம் ஆன பிறகும் கட்டிய மாதிரியே இருக்கும். பர்மா தேக்குத் தூண் அசையாமல் நிற்கும். பின்கட்டுக்குப் போனால்தான், பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை உடைத்துக் கட்டிய தடயம் தெரியும். அடுப்படியும் குளியலறையும்தான் அப்படி உடைபடும் இடங்கள்.

அந்தச் சுவர்களைக் கொத்தினால் ஒவ்வொரு காலத்து நாகரிகமும் அடுக்கடுக்காக வெளியே வரும். எழுபதுகளின் மொசைக், எண்பதுகளின் இளஞ்சிவப்பு வாஷ்பேசின், தொண்ணூறுகளின் பூப்போட்ட டைல்ஸ், அதற்கும் மேல் பழக்கூடைப் படம் அச்சிட்ட டைல்ஸ். எல்லாமே வாங்கிய வருடத்தில் அழகாகத்தான் இருந்தன. அந்த வருடத்துக்கு மட்டுமே உரிய அழகு என்பதால் சீக்கிரம் பழசாகிவிட்டன.

இத்தனை வீடுகளைப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான். பழைய வீட்டின் அடுப்படிக்கும் குளியலறைக்கும் என்ன பொருள், என்ன நிறம் என்பதை அந்த வீட்டிலிருந்தே எடுக்க வேண்டும். கடையில் இந்த வருடம் என்ன வந்திருக்கிறது என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

முதலில் வீட்டைச் சுற்றி வாருங்கள்

டைல்ஸ் கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டை முழுக்கச் சுற்றுங்கள். என்னென்ன பொருட்கள் இருக்கின்றன என்று எழுதுங்கள். பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல், காவித் தரை, கருங்கல், தேக்கு, பித்தளை என்று ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். அதில் இரண்டு மூன்றை எடுத்து அடுப்படியை முடித்துவிடுங்கள். வீட்டில் எங்குமே இல்லாத ஒரு புதுப் பொருளைப் பெரிய அளவில் கொண்டுவந்தால், அது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பல செட்டிநாட்டு வீடுகளில் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த பழைய டைல்ஸ்களைச் சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் பதித்திருப்பார்கள். மேலே வெள்ளைச் சுண்ணாம்புதான். அந்த உயரத்தை அளந்து, குளியலறையிலும் அதே கோட்டில் டைல்ஸை நிறுத்துங்கள். டைல்ஸ் புதுசாக இருந்தாலும் அறை அந்த வீட்டுக்கு உரியதாகிவிடும்.

புளி வைத்துப் பாருங்கள்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில், அடுப்படி மேடைக்கு என்ன கல் போடுவது என்ற பேச்சு வந்தது.

"தம்பி, வளவுல இருக்கற மாதிரியே வெள்ளைப் பளிங்கு போட்டுருவமே, ஒரே மாதிரி இருக்குமுல்ல" என்றார் அந்த வீட்டு ஆச்சி.

"போடலாம் ஆச்சி. அதுக்கு முன்னாடி இந்தத் துண்டுல கொஞ்சம் புளியைக் கரைச்சு, மஞ்சத்தூளும் எண்ணெயும் விட்டு வச்சிருங்க. காலையில வந்து பாக்குறேன்" என்றேன்.

மறுநாள் துடைத்தபோது எண்ணெய் போனது, மஞ்சளும் பாதி போனது. புளி நின்ற இடத்தில் வட்டமாகப் பளபளப்பு செத்திருந்தது. ஆச்சி விரலால் தடவிப் பார்த்தார். "சொரசொரன்னு இருக்கே!"

"இது கறையில்ல ஆச்சி, கல்லே அரிச்சிருச்சு. தேய்ச்சாப் போகாது."

மேடைக்குக் கறுப்பு கிரானைட் போட்டோம். பளிங்கில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் என நம் சமையலில் தினமும் புழங்கும் புளிப்பு அதை அரித்துவிடும். ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதே கதிதான். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது. சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியில் படிந்த முகம்தான் அதன் பளபளப்பு. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும். புளிப்பும் ஆசிடும் பட்டால் மங்கிவிடும்.

அதனால் ஆத்தங்குடிக் கல்லைச் சாப்பிடும் இடத்திலும் அடுப்படியின் நடைபாதையிலும் போடுங்கள். மேடை, கழுவும் தொட்டியின் அருகு, கழிவறை மூன்றிலும் வேண்டாம். எந்தக் கல்லை வாங்குவதானாலும் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஓர் இரவு புளி வைத்துப் பாருங்கள்.

அடுப்படி: சுவரைக் காலியாக விடுங்கள்

பழைய அடுப்படிகள் பெரியவை. உட்கார்ந்து சமைத்த காலத்தில் மேடையே கிடையாது. இப்போது நின்று சமைக்க மேடை வேண்டும். அதற்காக நாலு சுவரையும் மாடுலர் பெட்டிகளால் மூட வேண்டியதில்லை. ஒரு சுவரில் மட்டும் மேடை கட்டுங்கள். அதன் கீழே கருங்கல் அல்லது கடப்பா கல் தட்டுகளும், சாதாரணத் தேக்குச் சட்டக் கதவுகளும் போதும். பளபளக்கும் லேமினேட் கதவின் ஓரம் உரிந்துவிட்டால், அதே நிறத்தில் இன்னொன்று கடையில் கிடைக்காது. மரக் கதவை ஊர்த் தச்சரே இழைத்துத் தருவார்.

மீதிப் பாத்திர பண்டங்களுக்கு அந்த வீட்டிலேயே இடம் இருக்கும். தடித்த சுவருக்குள் மாடங்களும் சுவர் அலமாரிகளும் உண்டு. உள்ளே சுண்ணாம்பு அடித்து, கதவைச் சரிசெய்தாலே புழக்கத்துக்கு வந்துவிடும். வலை போட்ட பழைய பீரோ பின்கட்டில் கிடந்தால், துடைத்து அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள். திறந்த தட்டுகள் இப்போது படங்களில் நிறைய வருகின்றன. தாளிப்பு நடக்கும் அடுப்புக்கு அருகில் அவற்றில் எண்ணெய்ப் பிசுக்குதான் படியும்.

பழைய புகைபோக்கி இருந்தால் அடைத்துவிடாதீர்கள். புது சிம்னியின் குழாயை அதன் வழியாகவே வெளியே கொண்டுபோகலாம். சுவரில் புது ஓட்டை போடும் வேலை மிச்சம். பாத்திரம் கழுவுவது, மீன் அலசுவது, மாவரைப்பது எல்லாம் முன்பு பின்முற்றத்தில்தான் நடந்தன. அங்கேயே ஒரு சின்னக் கல்மேடையும் குழாயும் வைத்துக்கொடுத்தால், உள் அடுப்படி சிறிதாக, சுத்தமாக இருக்கும்.

குளியலறை: ஈரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்

அந்தக் காலத்தில் இந்த வீடுகளுக்குள் குளியலறை கிடையாது. குளிப்பது கிணற்றடியிலும் பின்கட்டிலும் நடந்தது. அதனால் இந்தச் சுவர்களுக்குள் நாம்தான் ஈரத்தைப் புதிதாகக் கொண்டுபோகிறோம். சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசித் தரையிலிருந்து கூரை வரை டைல்ஸ் ஒட்டினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் அடுத்த அறைச் சுவரில் உப்புப் பூத்துக் காட்டும். பிறகு அந்தப் பூச்சும் உதிரும்.

இதற்கு நான் செய்வது இதுதான். பழைய சுவரைக் கொத்திக் குழாய் புதைப்பதில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் நாலரை அங்குலக் கனத்தில், நாலடி உயரத்துக்கு ஓர் ஒட்டுச் சுவர் எழுப்பி, எல்லாக் குழாய்களையும் அதற்குள் விடுகிறேன். மேலே ஒரு கல் பலகை வைத்தால் சோப்பு, சொம்பு வைக்கத் திண்டு ஆகிவிடும். அதற்கு மேலே சுண்ணாம்புச் சுவர் திறந்தே இருக்கும். குளிக்கும் மூலையில் மட்டும் தலைக்கு மேல் வரை டைல்ஸ் போகும். நாளைக்கு ஒரு குழாய் ஒழுகினால் புதுச் சுவரை உடைத்தால் போதும், நூறு வருடச் சுவரைத் தொட வேண்டாம்.

மாடியில் மெட்ராஸ் டெரஸ் தளம் இருந்தால் அதன் மேல் குளியலறை வைக்கவே கூடாது. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்பில் அடுக்கிப் போட்ட தளம் அது. கசிவு தொடங்கினால் மேலே ஒன்றும் தெரியாது. ஈரம் இறங்கிக் கட்டையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் தங்கும். அப்படியொரு வீட்டில் கட்டை முனையில் பேனாக்கத்தியை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே பார்த்தால் பெயிண்ட் அடித்த நல்ல மரம். மாடியில் கட்டாயம் வேண்டுமென்றால், பின்பக்கம் தனியாக அடித்தளம் போட்டு எழுப்புங்கள்.

பொருட்களைத் தேர்ந்தெடுப்பது சுலபம். பீங்கான் எல்லாம் வெள்ளை. ஒன்று உடைந்தால் எத்தனை வருடம் கழித்தும் வெள்ளைக்கு ஜோடி கிடைக்கும். நிறப் பீங்கானுக்குக் கிடைக்காது. சுவருக்குச் சின்ன அளவு வெள்ளை டைல்ஸ். தரைக்குச் சொரசொரப்பான கிரானைட் அல்லது மெருகேற்றாத கடப்பா. ஈரமான வழவழப்புத் தரையில் வயதானவர்கள் விழுவார்கள். இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கறுப்புக் குழாயிலும் கண்ணாடித் தடுப்பிலும் சில மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். சாதாரணக் குரோம் குழாயோ பித்தளைக் குழாயோ போடுங்கள். பித்தளை கறுத்தால் புளி போட்டுத் துலக்கிக்கொள்ளலாம்.

பழசு மாதிரி வேஷம் வேண்டாம்

பழைய வீடுதானே என்று குளியலறையில் செதுக்கிய தூண், பழைய பாணி விளக்கு, கோயில் வளைவு என்று வைப்பவர்கள் உண்டு. இதுவும் ஒரு நாகரிகம்தான், அதுவும் ஒருநாள் போகும். அசலான தேக்குத் தூண் பத்தடியில் நிற்கும்போது அச்சில் வார்த்த தூண் போலி என்பது குழந்தைக்கும் தெரியும். புது அறை புதுசாகவே இருக்கட்டும். எளிமையாக, நல்ல பொருளில், சுத்தமான கோட்டில் இருந்தால் பழசோடு தானே சேர்ந்துகொள்ளும்.

ஆசை எல்லோருக்கும் இருக்கும், அதை அடக்கச் சொல்லவில்லை. சுவர் நிறம், கைப்பிடி, விளக்கு, கண்ணாடி, திரைச்சீலை இவற்றில் விருப்பப்படி செய்யுங்கள். சலித்தால் ஒரே நாளில் மாற்றிவிடலாம். கல், டைல்ஸ், குழாய், பீங்கான் ஆகிய உடைத்தால்தான் மாறுகிற பொருட்களில் மட்டும் நாகரிகத்தை ஒதுக்கிவையுங்கள். போடும் டைல்ஸிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிப் பரணில் வையுங்கள். பிற்பாடு நாலு கல் உடைந்தால் தரை முழுவதையும் பெயர்க்க வேண்டியிருக்காது.

பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வேலையைத் தொடங்கும் முன் ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். எந்தச் சுவர் ஊறுகிறது, காற்று எப்படி வருகிறது, வெயில் எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கொத்தனாரை அழையுங்கள். அப்படித் திட்டமிட்டுக் கட்டிய அடுப்படியை உங்கள் பிள்ளைகள் இடிக்க வேண்டிவராது.