அசையும் சிற்பம்

சிற்பம் என்றதும் அசையாது நிற்கும் கல்லும் உலோகமுமே நம் நினைவுக்கு வரும். அந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் (1898–1976). இயந்திரப் பொறியியல் பயின்ற அவர், 1930இல் பாரிசில் ஓவியர் மோந்திரியானின் கலைக்கூடத்தைக் கண்டார். சுவரில் பொருத்தப்பட்டிருந்த வண்ணச் செவ்வகங்கள் அசைந்தால் எவ்வாறிருக்கும் என எண்ணினார். அவ்வெண்ணமே அசையும் சிற்பங்களாக உருப்பெற்றது. 1931இல் அவற்றுக்கு ‘மொபைல்’ எனப் பெயரிட்டவர் மார்செல் துஷாம்ப். முதலில் இயந்திர விசையாலும் பின்னர்க் காற்றாலும் அவை இயங்கின.

தொங்கும் கம்பியின் ஒருமுனையில் பெரிய தகடும் மறுமுனையில் சிறிய தகடும் இருக்கும். தாங்குபுள்ளி பெரிய தகட்டின் அருகில் அமைவதால் இரண்டும் சமநிலை பெறுகின்றன. சிறியதும் உரிய தொலைவில் நின்றால் பெரியதற்கு நிகராகும் என்பதே இதன் நுட்பம். சமநிலையை அமைப்பவர் சிற்பி. அசைவைத் தருவது காற்று. ஆதலால், ஒருமுறை கண்ட வடிவம் மறுமுறை அப்படியே தோன்றுவதில்லை.