கிட்டார் வாத்தியாரைத் தேடும் முன்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொதட்டூர்பேட்டையில் கிட்டார் வாங்குவது இன்று பெரிய காரியம் இல்லை. கைப்பேசியில் ஆர்டர் போட்டால் பெட்டி வாசலுக்கு வந்துவிடுகிறது. கற்றுக்கொடுக்க ஆள் தேடும்போதுதான் சிக்கல். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்: மெட்ராசுக்குப் போ, யூடியூப் பார், முதலில் பாட்டு கிளாசில் சேர், பேஸ் கிட்டார் என்றால் சுலபம். எல்லாம் நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இவற்றை நம்பி நடந்து, சில மாதங்களில் கிட்டாரைப் பரண்மேல் ஏற்றிவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: மேல்நாட்டு வாத்தியம் நம்ம மண்ணுக்கு ஒட்டாது

பக்கத்துத் திருத்தணியை வைத்தே பதில் சொல்லலாம். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை மாயாமாளவகௌளையில் பாடியது திருத்தணி மலையில் என்பது சங்கீத உலகம் போற்றும் மரபு. அந்த தீட்சிதர்தான், சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் குடும்பத்தோடு இருந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கில பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஏறக்குறைய 40 உருப்படிகள் இன்றும் நோட்டுஸ்வரம் என்ற பெயரில் சிறுவர்களுக்குச் சொல்லித்தரப்படுகின்றன. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அந்த ஐரோப்பியர் நம் ராகங்களைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வில்லைப் பிடிப்பதையும் விரல் வைப்பதையும் சொல்லிக்கொடுத்தார். ராகம் மாணவரிடம் ஏற்கெனவே இருந்தது. அந்தத் தனி வகுப்பிலிருந்து புறப்பட்ட வாத்தியம் இன்று பாட்டுக் கச்சேரிகளில் பாடகருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: கர்நாடக சங்கீதம் படித்துவிட்டுத்தான் கிட்டார் தொட வேண்டும் என்பது. கட்டாயம் இல்லை. படித்திருந்தால் நஷ்டமும் இல்லை. சுருதி பிடிபட்ட காது எந்த வாத்தியத்துக்கும் உதவும்.

நம்பிக்கை: மேடையில் அசத்துபவர்தான் நல்ல வாத்தியார்

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் யாரிடம் கற்றார்? ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்த அவருக்குக் குரு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடரான ருத்ரராஜு சுப்பராஜு. சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைக் கேட்டு வாத்தியத்தில் தேடி எடுப்பான். வாசித்தது சரியா தவறா என்பதை அந்தக் குருவின் காது சொல்லிவிடும். நமக்குப் பக்கத்து ராணிப்பேட்டையில் வளர்ந்த கிட்டார் பிரசன்னாவையும் பாருங்கள். கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசித்து உலகம் சுற்றும் அவர் அந்த இசையைக் கற்றது ஒரு பாடகரிடமும் வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமாரியிடமும். இளையராஜா சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்தபோது, மாஸ்டரை ரசிகர்கள் பலருக்குத் தெரியாது. ஸ்டாஃப் நொட்டேஷனும் மேல்நாட்டு ஹார்மனியும் அந்த மயிலாப்பூர் அறையில்தான் அவருக்குத் திறந்தன.

இந்தக் குருமார்கள் எல்லாரிடமும் பொதுவாக இருந்தது மாணவனைக் கேட்கும் காது. ஆகவே வாத்தியாரைப் பார்க்கப் போகும்போது, "சார், ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அவர் இன்னொரு மாணவனுக்கு வகுப்பு எடுப்பதை அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். யார் அதிகம் வாசிக்கிறார், அவரா, பையனா? பையன் தப்புச் செய்யும்போது நிறுத்தி, எந்த விரல், எந்த ஃபிரெட், கட்டைவிரல் ஏன் இறுகுகிறது என்று காட்டுகிறாரா? இல்லை, "வீட்டில் பிராக்டிஸ் பண்ணு" என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போகிறாரா? ஆறு மாதமாகப் படிக்கும் மாணவரை இரண்டு பாட்டு தாளத்தோடு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியரின் திறமை அந்த மாணவரின் கையில் தெரியும்.

பெண் பிள்ளையோ சிறு பையனோ, யாராக இருந்தாலும் வகுப்பு திறந்த கூடத்தில் நடக்கட்டும். பெற்றோர் உடன் இருக்க விரும்பினால் நல்ல ஆசிரியர் மறுக்கமாட்டார்.

நம்பிக்கை: இந்த வட்டாரத்தில் யாருமே இல்லை

போர்டு மாட்டியவர்கள் குறைவு என்பது உண்மை. அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளை நம்பியும் பயனில்லை. அங்கே குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் உண்டு, கிட்டார் கிடையாது. ஆனால் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவச் சபைகளில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு, டிரம்ஸ், கிட்டார், பேஸ் என்று ஒரு குழுவே வாசிக்கிறது. வாரந்தவறாமல் கூட்டத்தின் பாட்டுக்கு ஈடுகொடுத்து வாசித்துப் பழகியவர்கள் அவர்கள். பாடுபவர் திடீரென்று சுருதியை மாற்றினாலும் பிடித்துக்கொள்வார்கள். திருவிழாவுக்கும் கல்யாண வரவேற்புக்கும் வரும் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் இன்னொரு வழி. கச்சேரி இல்லாத மாதங்களில் அவர்களில் பலருக்கு வகுப்பு எடுக்க நேரம் இருக்கும்.

ஊர் எல்லையையும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். திருத்தணி, சோளிங்கர், நகரி எல்லாம் பஸ் தூரம். ரயில்வே ஊரான அரக்கோணத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த பழக்கத்தால் மேல்நாட்டு வாத்தியம் புதிதல்ல. நகரிப் பக்கத்து ஆசிரியர் தெலுங்கில் சொல்லிக்கொடுத்தால் என்ன? இரண்டு பாஷையும் புழங்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கு அது ஒரு தடையே இல்லை. திருத்தணியிலிருந்து சென்னைக்குப் புறநகர் ரயில் ஓடுகிறது. வாரம் தவறாமல் போய்வரப் பள்ளிப் பிள்ளையால் முடியாது. மாதம் ஒருமுறை நேரில் காட்டித் திருத்திக்கொண்டு வர முடியும்.

நம்பிக்கை: பேஸ் என்பது நான்கு கம்பி உள்ள சுலபமான கிட்டார்

பேஸ் வாசிப்பவர்களுக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் இது. கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளின் பெயர்தான் பேஸுக்கும்: இ, ஏ, டி, ஜி. ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். பெயர் ஒன்று என்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது. கிட்டார்காரர் கார்டு பிடித்து ஸ்ட்ரம் செய்துகொண்டே போகலாம். பேஸ்காரர் கிக் டிரம்மோடு சேர்ந்து தாளத்தையும், கார்டின் ஆதார ஸ்வரத்தையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். அவர் ஒரு ஸ்வரம் தவறினால் பாட்டு முழுவதும் வேறு கார்டுக்குப் போனதுபோல் கேட்கும். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸை மட்டும் ஹெட்ஃபோனில் தொடர்ந்து கேளுங்கள். அடியில் இன்னொரு மெட்டு தனியாக நடந்துகொண்டிருக்கும்.

கைப்பழக்கமும் வேறு. பேஸில் கம்பியின் நீளம் வழக்கமாக 34 அங்குலம், எலெக்ட்ரிக் கிட்டாரில் 25 சொச்சம். இடது கை விரல்கள் அகல விரிய வேண்டும். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறிமாறி நடக்க வேண்டும். வாசிக்காத கம்பிகள் அதிராமல் அடக்கிவைப்பது பாதி வித்தை. கிட்டார் ஆசிரியர் பலர் "அதையும் சொல்லித் தருகிறேன்" என்பார்கள். இந்த அடக்கும் வித்தையைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ்காரரோடு சேர்ந்து வாசித்த அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள். கிட்டார் படித்த பிறகுதான் பேஸ் என்ற விதியும் இல்லை. நேராகவே தொடங்கலாம்.

நம்பிக்கை: ஆன்லைன் வகுப்பும் நேர் வகுப்பும் ஒன்றுதான்

யூடியூப் பாடங்கள் அருமையானவை. நல்ல ஆசிரியர்கள் இலவசமாகக் கொட்டிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காணொளிக்கு நம் மணிக்கட்டு தெரியாது. நேரலை வகுப்பில் ஆசிரியருக்கு அது தெரியும், ஓசைதான் சிக்கல். வீடியோ அழைப்பில் வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் சர்வசாதாரணம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு அடி அரை வினாடி, அதில் கால் பங்கு 125 மில்லி வினாடி. தாமதம் கிட்டத்தட்ட அந்தக் கால் அடியையே விழுங்கிவிடுகிறது. இருவரும் சேர்ந்து வாசிப்பது முடியாத காரியம். பேஸுக்கு இன்னொரு தொல்லை. அதன் கீழ்க்கம்பியின் ஒலி 41 ஹெர்ட்ஸ், கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. போதாக்குறைக்கு இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் நீண்டு ஒலிக்கும் கிட்டார் நாதத்தையும் இரைச்சல் என்று வெட்டிவிடுகிறது. நெசவுத் தறி ஓடும் நம் தெருக்களில் இந்த வடிகட்டல் இன்னும் கடுமையாகும்.

அதற்காக ஆன்லைனை ஒதுக்க வேண்டாம். தறி நிற்கும் நேரமாகப் பார்த்து வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஹெட்ஃபோன் போடுங்கள், இரைச்சல் வடிகட்டலை அமைப்பில் போய் நிறுத்துங்கள். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமோடு வாசித்துப் பதிவுசெய்து முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், ஆசிரியர் அதை நிதானமாகக் கேட்டுத் திருத்தலாம். மாதம் ஒருமுறை நேரில் போவதையும் இதோடு சேர்த்துக்கொண்டால் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

நம்பிக்கை: விரல் வலித்தால்தான் வித்தை வரும்

முதல் சில வாரம் விரல்நுனி எரியும், பிறகு காய்த்துவிடும். அதற்கு மேலும் வலித்தால் குற்றம் கிட்டாரில் இருக்கலாம். 12ஆம் ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் ஸ்டீல் கம்பி கிட்டாருக்குச் சரி. நான்கு, ஐந்து என்று போனால் பெரியவர்களுக்கே அழுத்துவது சிரமம். மலிவாக வாங்கும் கிட்டார்களில் இது அடிக்கடி பார்ப்பதுதான். கம்பிகளைத் தாங்கும் சேடிலை இழைத்து, கழுத்துக்குள் இருக்கும் கம்பியைத் திருகி இறக்கித்தர ஆசிரியருக்கோ வாத்தியக் கடைக்காரருக்கோ தெரியும். திருத்தணி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. தகர ஷீட் கூரையின் கீழ் கிட்டாரை விட்டுவைத்தால் கழுத்து வளையும், பசை இளகும்.

நம்பிக்கை: கிரேடு சான்றிதழ் இல்லாவிட்டால் படித்தது வீண்

டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளைச் சென்னையில் எழுதலாம். எட்டு கிரேடுகள் உண்டு. ராக் அண்ட் பாப் பிரிவில் பேஸுக்கும் தனித் தேர்வு இருக்கிறது. இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் டிரினிட்டியின் தங்கப் பதக்கம் பெற்றவர். ஒழுங்காகப் படிக்க அது நல்ல சட்டகம்தான். கோயில் விழா ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு முதல் தேவை வேறு: பாட்டைக் கேட்டு கார்டு கண்டுபிடிக்கும் காதும், தாளம் நழுவாத கையும். எது வேண்டும் என்பதை முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

நம்பிக்கை: மொத்தமாகக் கட்டினால் மலிவு

மூன்று மாதத்தில் முப்பது பாட்டு என்று முன்பணம் கேட்பவரிடம் அவசரப்பட வேண்டாம். மூன்று மாதத்தில் சி, ஜி, டி, இ மைனர், ஏ மைனர் என ஐந்து கார்டுகளுக்கிடையே தடுமாறாமல் மாறவும், ஒரே வேகத்தில் ஒரு பாட்டை முடிக்கவும் வந்தாலே நல்ல முன்னேற்றம். ஒரு வகுப்பு பார்த்துவிட்டுச் சேருங்கள், மாதாமாதம் கட்டுங்கள். வாரத்துக்கு எத்தனை வகுப்பு, தனியாகவா கூட்டாகவா, வராத நாளுக்கு ஈடு உண்டா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதக் கடைசியில் பிள்ளையை வீட்டுக் கூடத்தில் மெட்ரோனோமோடு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்னேற்றம் தெரியவில்லை என்றால் ஆசிரியரிடம் மரியாதையாகப் பேசுங்கள், அப்புறமும் மாறாவிட்டால் வேறு ஆசிரியரைப் பாருங்கள்.