காசைத் துலக்காதீர்கள், விளக்கை நகர்த்துங்கள்

மாணவர்களே, ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள உங்கள் பாட்டி வீட்டில், தோட்டத்திலிருந்து வந்த பழைய பிஸ்கட் டின் ஏதாவது இருக்கிறதா? அதைத் திறந்து பாருங்கள். ஊசி, பொத்தான்களுக்கு நடுவே, கறுத்துப்போன சதுரக் காசு ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த அந்த மலாயா ஒரு காசு வெண்கலத்தால் ஆனது. 1939, 1940, 1941, 1943, 1945 ஆகிய ஆண்டுகள் பொறிக்கப்பட்டு அது வெளிவந்தது.

உங்கள் காசில் கடைசி இலக்கம் தேய்ந்திருக்கிறது. 1940-ஆ, 1941-ஆ? குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம்! புளியின் அமிலம் கறுப்புப் படலத்தைக் கரைத்துவிடும். தேய்க்கும்போது உலோகமும் சிறிது சிறிதாகக் கழன்றுவிடும். மிச்சமிருந்த இலக்கமும் போனால் அதை மீட்க வழியில்லை. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் இங்கு வெள்ளீயக் காசுகளை வெளியிட்டனர். வெள்ளீயம் வெண்கலத்தைவிட மிருதுவானது. அத்தகைய காசைத் தேய்த்தால் சேதம் இன்னும் அதிகம்.

அப்படியானால் ஆண்டை எப்படிப் படிப்பது? ஒளியால் படிக்கலாம்.

சாய்ந்த ஒளி

படுகோணமும் பிரதிபலிப்புக் கோணமும் சமம் என்று படித்திருக்கிறீர்கள். காசின் சமதளம் ஒரு மங்கலான கண்ணாடி. கேமராவின் பிளாஷ் நேராக அடித்தால், ஒளி நேராகவே லென்சுக்குத் திரும்பும். படத்தில் வெள்ளைத் திட்டு விழும், எழுத்து மறையும். ஆகவே பிளாஷை அணைத்துவிடுங்கள்.

கைப்பேசியைக் காசுக்கு நேர் மேலே வையுங்கள். ஒரு டார்ச் லைட்டை மேசையை ஒட்டி, 10 முதல் 15 பாகை சாய்வில் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். சமதளத்தில் பட்ட ஒளி எதிர்ப்பக்கம் போய்விடும். மேடான கோடுகளின் ஒரு பக்கம் மின்னும், மறுபக்கம் நிழல் விழும். முடியளவு மேடு இருந்தாலும் நிழல் காட்டிக்கொடுக்கும். விளக்கை மெதுவாகக் காசைச் சுற்றி நகர்த்துங்கள். ஒரு திசையில் தெரியாத இலக்கம் இன்னொரு திசையில் தெரியலாம்.

ஒரு கவனம்: ஒளி படத்தின் மேற்பக்கத்திலிருந்து வரட்டும். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். கீழிருந்து அடித்தால் மன்னரின் முகம் குழிந்ததுபோல் தோன்றும்.

பளபளக்கும் புதிய காசுக்கு வேறு முறை. விளக்குக்கும் காசுக்கும் இடையே டிரேசிங் தாளைப் பிடியுங்கள். ஒளி பரவி, கூசும் திட்டுகள் குறையும்.

கேமரா அமைப்பு

• காசு அசையாது. அதனால் ஐ.எஸ்.ஓ. அளவை 100 போலக் குறைவாக வையுங்கள். படத்தில் புள்ளிகள் குறையும்.

• ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் கை அதிரக்கூடாது. இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் கைப்பேசியை வைத்து, 2 விநாடி டைமரைப் பயன்படுத்துங்கள்.

• லென்ஸ் மாற்றும் கேமராவில் துளை அளவு எஃப்/8 நல்லது. துளையை மிகவும் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் மங்கும்.

• கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். வெள்ளைத் தாளில் வைத்த காசு இருண்டும், கறுப்புத் துணியில் வைத்தது வெளுத்தும் வரலாம். சாம்பல் அட்டை நல்லது. இல்லையேல் வெளிச்ச அளவைக் கையால் திருத்துங்கள்.

• மஞ்சள் பல்பையும் வெள்ளை டியூப் லைட்டையும் ஒன்றாக எரியவிடாதீர்கள். வெண்கலத்தின் உண்மை நிறம் கெடும்.

செய்து பாருங்கள்

காசின் பக்கத்தில் அளவுகோல் வைத்து, நான்கு திசை ஒளியில் நான்கு படங்கள் எடுங்கள். ஓரத்தைப் பிடித்தே காசைத் தூக்குங்கள். பிறகு பாட்டியிடம் கேளுங்கள்: இது யாருடைய காசு, எந்தத் தோட்டத்தில் இருந்தபோது வந்தது? அவர் சொல்வதைப் படத்துடன் எழுதி வையுங்கள். தேய்ந்த இலக்கத்தை விளக்கு காட்டிவிடும். அந்தக் கதையைச் சொல்லப் பாட்டி ஒருவரால்தான் முடியும்.