வளைவுத் தையல் இல்லாமல் ஒரு வட்டம்



துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வையை அமெரிக்காவில் 'குயில்ட்' என்கிறார்கள். அங்கு தலைமுறைகளாகத் தைக்கப்படும் வடிவங்களில் ஒன்றின் பெயர் 'குடிகாரன் பாதை'. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு கால் வட்டம் இருக்கும். கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால், தள்ளாடி நடப்பவனின் தடம் போல் வண்ணம் வளைந்து வளைந்து செல்லும்.

பார்க்க அழகு; தைக்கக் கடினம். கால் வட்டத் துண்டின் விளிம்பு வெளியே வளைகிறது. அதனுடன் சேரும் துண்டு உள்ளே வளைகிறது. தையலுக்காக இரண்டிலும் கால் அங்குலம் விடுவதால், வெட்டிய விளிம்புகளின் நீளம் முக்கால் அங்குலத்துக்கும் சற்று அதிகமாக வேறுபடும். வளைவில் துணி கிராஸாக வருவதால் இழுபடவும் செய்யும். புதிதாகப் பழகுபவர் தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்து, துணியையும் ஆர்வத்தையும் இழந்துவிடுகிறார்.

இதற்கு அங்குள்ள பெண்கள் கையாளும் வழி எளிது. கால் வட்டம் இருக்கும் இடத்தில் ஒரு முக்கோணத்தை வைத்து நேராகத் தைக்கிறார்கள். அடுக்கும் முறை மாறுவதில்லை. 'பனிப்பந்து' என்ற வடிவிலும் வளைவுத் தையல் வகை, நேர்த்தையல் வகை இரண்டும் உண்டு. நேர்த்தையல் வகையை நாம் செய்து பார்க்கலாம்.

ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று வெளிர் நிறத்தில், இரண்டரை அங்குலச் சதுரங்கள் நான்கு அடர் நிறத்தில் வெட்டுங்கள். பெரிய சதுரத்தின் ஒவ்வொரு மூலையிலும், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, ஒரு சிறிய சதுரத்தை வையுங்கள். மூலையை வெட்டிச் செல்லும்படி அதன் குறுக்கே நேராகத் தையுங்கள். தையலுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டி, மடித்து இஸ்திரி போடுங்கள். நடுவில் எட்டுப் பக்க வடிவம் கிடைக்கும்.

அடுத்த கட்டத்துக்கு இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசையாக இணையுங்கள். நான்கு மூலைகளும் நடுவும் அடர் நிறம். மற்ற நான்கும் வெளிர் நிறம். இரண்டு கட்டங்களையும் மாற்றி மாற்றி அடுக்குங்கள். மூலை முக்கோணமும் பக்கத்துக் கட்டத்தின் மூலைச் சதுரமும் ஒரே நிறமாக இருப்பது முக்கியம். அப்போதுதான் கண் மூலைகளை மறந்து வட்டங்களைக் காணும். நிறம் மாறினால் வெறும் முக்கோணங்களே தெரியும்.

அருகில் பார்த்தால் இது வட்டமல்ல என்பது தெரியத்தான் செய்யும். கால் வட்டத்தின் குழைவு இதில் வராது. விற்பனைக்குத் தைப்பவர்கள் இதை நேர்த்தையல் வேலை என்று சொல்லியே விற்க வேண்டும். வளைவுத் தையலைக் கைவிடுங்கள் என்றும் நாம் சொல்லவில்லை. முதல் போர்வை பாதியில் மூலையில் கிடக்காமல், முழுதாக வீட்டில் ஒரு பிள்ளையைப் போர்த்தட்டும். கை பழகியபின் வளைவும் வசப்படும், இன்ஷா அல்லாஹ்.