சர்வர் இணைப்பு அறுந்தால் முதலில் நேரத்தைக் குறியுங்கள்

பரவை காய்கறி மார்க்கெட்டில் வியாபாரம் சூடாக இருக்கும்போது பில் போடும் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் தொடர்பு அறுந்தால், பெரும்பாலான கடைகளில் சர்வரைத்தான் ஆஃப் செய்து ஆன் செய்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த மேசையில் டேலி திறந்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் டேட்டா பாதியில் நின்றால் ஃபைலே கெட்டுப்போகலாம். பேக்கப் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான்.

எத்தனை மணிக்கு அறுந்தது, ஒரு மேசையா எல்லா மேசையுமா, தானாக மீண்டதா என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

எல்லாம் ஒன்றாக அறுந்து சிறிது நேரத்தில் தானாக வந்தால், நெட்வொர்க் சுவிட்ச்சைப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் யுபிஎஸ் போட்டவர்கள், சுவரில் தொங்கும் அந்தச் சின்னப் பெட்டியை நேரே இ.பி. லைனில் விட்டிருப்பார்கள். கரண்ட் ஒரு நொடி போனாலும் அது அணைந்து எழும். திரைகள் அணையாததால் கரண்ட் போனதே யாருக்கும் தெரியாது. அதன் அடாப்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

ஒரே மேசை மட்டும் அறுகிறதா? அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு கருப்புத் திரை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து, ஒன்றில் சர்வருக்கும் மற்றதில் ரவுட்டருக்கும் நிற்காமல் பிங் ஓடவிடுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதில் நின்றால் கோளாறு உங்கள் கேபிளில், அல்லது சுவிட்ச் போர்ட்டில். சர்வரின் பதில் மட்டும் நின்றால் அந்தப் பக்கம் தேடுங்கள்.

கேபிள் என்றதும் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறதே என்பார்கள். அது போதாது. பிளக்கின் கண்ணாடி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீலச் சோடி நடுவில் 4, 5ஆம் இடத்திலும், பச்சைச் சோடி பிரிந்து அதன் இருபுறமும் 3, 6ஆம் இடத்திலும் இருக்க வேண்டும். வசதிக்காக வரிசையாகச் சொருகிவிட்டால் விளக்கு எரியும், ஆனால் சோடி கலைந்து வேகம் கூடும்போது இணைப்பு தடுமாறும். கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம்; மாற்றிவிடுங்கள். கிடங்கு வரை இழுப்பவர்கள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வெட்டவெளியைக் கடக்கிறது என்றால் ஐப்பசி இடிமின்னலை நினைத்து ஃபைபர் போடுவதே நல்லது.

ஆட்கள் வந்து போனை வைஃபையில் சேர்த்த பிறகுதான் சர்வர் காணாமல் போகிறதா? சர்வருக்குக் கையால் கொடுத்த ஐ.பி. எண்ணையே ரவுட்டர் ஒரு போனுக்கும் கொடுத்திருக்கலாம். ரவுட்டர் வழங்கும் எண்களை 100க்கு மேல் தொடங்க வைத்து, சர்வரின் எண்ணை அதற்குக் கீழே வையுங்கள். சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கம்ப்யூட்டரையே சர்வராக வைத்திருப்பவர்களுக்கு ஒரே சமயத்தில் 20 இணைப்புதான் வரம்பு.

நெட்வொர்க் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தும் கிளிக் செய்ததும் திறந்தால் பயப்பட வேண்டாம். 15 நிமிடம் சும்மா இருந்த இணைப்பை விண்டோஸே விட்டுவிடுகிறது. அதற்கு ஆளைக் கூப்பிட்டுப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.