கோணல் கள்ளியைக் குப்பையில் போடாதீங்க!

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எப்போது வாங்கியது என்பதே மறந்துபோன ஒரு கள்ளிச்செடி கிடக்கிறதா? ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் மெலிந்து, நுனி சுருண்டு விநோதமாக இருக்கிறதா? குப்பை வண்டி வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள் தோழிகளே. நர்சரியில் நல்ல விலை சொல்லும் ரகமாகவும் அது இருக்கலாம்.

1. முள் கிளம்பும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே சின்னதாக ஒரு பஞ்சுப் புள்ளி இருந்தால் அது கேக்டஸ். புள்ளி இல்லாமல், முட்கள் ஜோடி ஜோடியாக நின்று, கீறினால் பால் வடிந்தால் நம்ம ஊர் சதுரக்கள்ளியின் இனம். பாலை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், மாமில்லேரியா என்ற கேக்டஸ் வகை சிலவற்றிலும் பால் வரும். எதுவானாலும் வெட்டும்போது கையுறை போடுங்கள். சதுரக்கள்ளிப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

2. அடியில் பருமனாக இருந்து, மேலே போகப் போக வெளிறி ஒல்லியாகியிருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். ஒல்லியான பகுதி மறுபடி தடிக்காது, ஆனால் வெளிச்சத்தில் வைத்த பிறகு வரும் வளர்ச்சி பழைய பருமனில் வரும். அந்த இடுப்பு கண்ணை உறுத்தினால் அங்கேயே வெட்டி, மேல்பாகத்தைத் தனியாக நட்டுவிடுங்கள். அடிப்பாகம் பக்கவாட்டில் குட்டி போடும், ஒன்று இரண்டாகும்.

3. சேவல் கொண்டை மாதிரி விரிந்து, மடிப்பு மடிப்பாக நெளிந்திருக்கிறதா? நோய் என்று பயப்படாதீர்கள். ஒரு புள்ளியாக இருக்க வேண்டிய வளரும் நுனி ஒரு கோடாக நீண்டுவிட்டால் இப்படி ஆகும். அரிசோனா பாலைவனத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் சகுவாரோ கள்ளிகளிலும் அபூர்வமாக இந்தக் கொண்டை உண்டு, அதைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வீட்டில் வளர்க்க இதைவிட அழகான கள்ளி கிடையாது.

4. அந்தக் கொண்டையின் நடுவில் சாதாரண உருண்டைத் தண்டு ஒன்று கிளம்பினால் சின்னதாக இருக்கும்போதே கிள்ளி எடுத்துவிடுங்கள். விட்டால் அது வேகமாக வளர்ந்து கொண்டையை மூடிவிடும். தண்ணீரையும் அடிமண்ணில்தான் ஊற்ற வேண்டும். மடிப்பில் நீர் தங்கினால் அழுகும்.

5. பச்சைத் தண்டின் தலையில் சிவப்பு அல்லது மஞ்சள் உருண்டை உட்கார்ந்திருந்தால் அது ஒட்டுச்செடி. உருண்டையில் பச்சையம் இல்லை, கீழே இருக்கும் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அதனால் உருண்டையை மட்டும் வெட்டி மண்ணில் நட்டால் பிழைக்காது. தலை போய்த் தண்டு மட்டும் மிச்சமிருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் டிராகன் பழச்செடியின் இனம், கொடியாக வளரும்.

6. முள்ளே இல்லாமல் நீளமான தட்டை இலைகளாகத் தொங்குகிறதா? இரவில் பூக்கும் நம்ம வீட்டு 'பிரம்ம கமலம்' கூட கேக்டஸ்தான். மெக்சிகோ காட்டு மரங்களில் தொற்றி வளர்ந்தது என்பதால் சுள்ளென்ற வெயில் ஆகாது, அரை நிழலும் மக்கின இலை உரமும் போதும்.

7. வாடியிருப்பதைப் பார்த்ததும் சொம்பைத் தூக்காதீர்கள்! பென்சிலின் பின்பக்கத்தால் அழுத்திப் பாருங்கள். சுருங்கியிருந்தும் கெட்டியாக இருந்தால் தாகம். கொழகொழவென்று உள்ளே போய், பழுப்பு நிறமும் வாடையும் இருந்தால் அழுகல், அதற்குத் தண்ணீர் விஷம். அடியில் மட்டும் பழுப்பாகி, கட்டை தட்டினது போல் இருந்தால் வயசு, ஒன்றும் செய்ய வேண்டாம்.

8. முள் குத்தாமல் தூக்க, பழைய செய்தித்தாளை நீளப் பட்டையாக மடித்துச் செடியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சப்பாத்திக்கள்ளியின் நுண்முள் விரலில் ஏறினால் செல்லோடேப்பை ஒட்டி உரியுங்கள், பாதி வந்துவிடும்.

9. வாங்கினபடியே தொட்டியில் இருந்தால், மேலே பசை போட்டு ஒட்டின கூழாங்கல்லை முதலில் பெயர்த்துவிடுங்கள். வேரைச் சுற்றித் தேங்காய் நார்த்தூள் உருண்டையோ வலைத்துணியோ இருந்தால் மெதுவாகப் பிரித்து எடுங்கள். காய்ந்து கறுத்த வேர்களைக் கத்தரித்து, நாலைந்து நாள் நிழலில் ஆறவிடுங்கள்.

10. அழுகியிருந்தால் மேலேயிருந்து நல்ல பகுதியைக் காப்பாற்றலாம். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து வெட்டுங்கள், வெட்டுவாயில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் மறுபடி துடைத்துவிட்டு இன்னும் மேலே வெட்டுங்கள். முழுக்கச் சுத்தமாகத் தெரிந்த பிறகு ஒன்றிரண்டு வாரம் நிழலில் காயவையுங்கள். தொட்டால் தோல் தட்டியிருக்க வேண்டும், அதற்கு முன் மண்ணில் வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

11. கேக்டஸ் மண் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு பங்கு தோட்டத்து மண், இரண்டு பங்கு பருமணல், உடைத்த செங்கல் துண்டு, கொஞ்சம் அடுப்புக்கரி போதும். எம் சாண்ட் என்றால் கழுவித் தூளைப் போக்குங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு வேரைக் கெடுக்கும். தொட்டி, செடியைவிட ஒரு விரல் அகலம் இருந்தால் போதும், அடியில் ஓட்டை மட்டும் அவசியம்.

12. நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. அப்புறம் விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டாமல் காய்ந்து வந்தால் மட்டும் நன்றாக ஊற்றி வடியவிடுங்கள்.

13. வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டு எடுங்கள். சப்பாத்திக்கள்ளியில் இருப்பதை நசுக்கினால் ரத்தச் சிவப்பாக வந்தால் அது சாயப்பூச்சி. தென்னிந்தியாவில் காடாகப் படர்ந்திருந்த சப்பாத்திக்கள்ளியை அடக்க 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்ததே இந்த வகையைத்தான், ஒரு தொட்டி அதற்கு எம்மாத்திரம்! உடனே மற்ற செடிகளிடமிருந்து பிரித்து வையுங்கள்.

14. நிழலில் கிடந்ததை ஒரே நாளில் உச்சி வெயிலுக்குக் கொண்டுபோனால் தோல் வெளுத்து வெந்துவிடும், அந்தத் தழும்பு போகாது. முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுங்கள்.

15. நுனியில் பளிச்சென்ற நிறத்தில் புது முள் வந்தால் வேர் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உரம், அதுவும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி. மாட்டுச் சாணத்தைப் பச்சையாகப் போடவே வேண்டாம்.